வலது ஒன்பது, இடது எட்டு

ஜூன் 8, ஞாயிறு

என் காலுக்குச் சேர்கிற ஒன்றை இன்று ஒருவர் எனக்கு விற்றார். சந்தோஷத்தில் பேரம் பேசவே மறந்துவிட்டேன்.

எங்கள் பம்ப்செட் கம்பெனியில் பிரபாகர் சார் ஒரு மலையேறும் குழு நடத்துகிறார், வெளியாட்களும் சேரலாம். போன மாதம்தான் சேர்ந்தேன். ஆகஸ்டில் நெல்லிப்பாறை மலை. மழைக்காலம், அட்டைப்பூச்சி கடிக்கும், கணுக்காலை மூடுகிற பூட்ஸ் இல்லாதவர்களை வேனில் ஏற்றவே மாட்டேன் என்று சார் கறாராகச் சொல்லிவிட்டார். பெண்களுக்கான பூட்ஸ் எல்லாக் கடையிலும் ஏழோடு நின்றுவிடுகிறது. எனக்கு ஒன்பது. கேட்டால் கடைக்காரர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு காலைப் பார்ப்பார், பிறகு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்து இரண்டு பேருமாகப் பார்ப்பார்கள்.

உக்கடத்தில் ஜவான் ஸ்டோர்ஸ் என்று ஒரு கடை. பட்டாளத்தில் கழித்துக்கட்டிய சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிறார்கள். கம்பளி, தண்ணீர்க் குடுவை, முதுகுப்பை, மலை மலையாகக் கறுப்பு பூட்ஸ். கடைக்காரர் பாய், "வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஒம்போது" என்றார். ஒரு கிலோ கத்திரிக்காய் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வலது கால் பூட்ஸ் மட்டும்தான் வெளியே கயிற்றில் தொங்கும். இடதெல்லாம் பரணில் மூட்டைக்குள் கிடக்கும். ஜோடியாக வெளியே வைத்தால் ஜோடியாகவே காணாமல் போகிறதாம். "வலது கால விட்டுப் பாரும்மா. மொத காலு சேந்துட்டா எல்லாம் சேந்துரும்" என்றார் பாய். விட்டேன். என் விரல்கள் முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தன. அழுகை வந்துவிடும் போலிருந்தது. பூட்ஸுக்குள் நின்று அழுதேன் என்று வெளியே சொல்ல முடியுமா, அதனால் கீழே குனிந்து நாடாவைக் கட்டுவதுபோல பாவனை செய்தேன். பாய் பரணிலிருந்து இடதை இறக்கி, இரண்டு நாடாவையும் சேர்த்து முடிந்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ஸ்கூட்டரில் காலடியில் வைத்துப் பாடிக்கொண்டே வந்தேன். சிக்னலில் நின்றபோதும் நிறுத்தவில்லை.

அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "ஏஞ்சாமி, எந்தப் பட்டாளத்துல சேந்திருக்கே?" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

இடது கால் நுழையவில்லை. அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். வலதில் ஒன்பது என்று போட்டிருக்கிறது. இடதில் எட்டு.

ஜூன் 10, செவ்வாய்

என் வேலையே புகார் கேட்பதுதான். "மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் வரலீங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கிறேன். அப்படிப்பட்ட நான் இன்று புகார் சொல்லப் போய் வாயடைத்து நின்றேன். பூட்ஸை மேசைமேல் வைத்துவிட்டு, "பாய், இது வந்து..." என்றேன். அதற்குமேல் வரவில்லை.

பாய் பரண்மேல் ஏறி மூட்டையைக் கொட்டிக் கவிழ்த்தார். ஒன்பதில் இடது ஒன்றுகூட அங்கே இல்லை. "அப்ப ஒன்னு நடந்திருக்கும்மா. யாருக்கோ வலது எட்டும் இடது ஒம்போதும் போயிருக்கு. அவனும் உன்ன மாதிரி ஒத்தக் கால விட்டுப் பாத்துட்டுப் போயிருப்பான். வருவான், எங்க போயிரப் போறான்." பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். வலதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை. என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூட்ஸைப் பழக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். விளக்கெண்ணெய் தடவி, ஈரப் பேப்பரைத் திணித்து வைத்து, பிறகு போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமாம். வீட்டுக்குள் போட்டால் அம்மா துடைப்பத்தோடு வருவாள், ஆகவே மொட்டை மாடியில். கீழ்வீட்டு அக்கா படியில் நின்று, "மேல காங்கிரீட் போடறீங்களா?" என்று கேட்டார்.

இடது பூட்ஸின் உள்ளே பாதத்துக்கு மெத்தையாகப் போட்டிருந்த அடித்தகட்டை உருவி எடுத்துவிட்டேன். இப்போது கால் உள்ளே போகிறது. வெளியே வருவதுதான் கஷ்டம்.

ஜூன் 29, ஞாயிறு

குழுவின் முதல் பயிற்சி நடை. ஏரிக்கரையைச் சுற்றி. நான் இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு சத்தம் போய்க்கொண்டே இருந்தது. டக், டபார். டக், டபார். வலது கால் ஒழுங்காகப் போகிறது, இடது கால் மட்டும் பூட்ஸுக்குள் எழுந்து எழுந்து விழுகிறது. நான் அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு போனேன். வேறெந்தக் காரணமும் இல்லை.

டீக்கடையில் அந்தச் சத்தத்துக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். அடியில் ஒன்பது.

"ஏனுங்க, உங்க வலது எட்டுங்களா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும், நின்றாலும் என் காதளவுக்குத்தான் வருவார். பிறகு என் காலைப் பார்த்தார். நான் வழக்கம்போல ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். பட்டாளத்து பூட்ஸை எங்கே மறைப்பது.

"உக்கடம் பாய் கடைங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"மொத காலு சேந்துட்டா எல்லாம் சேந்துரும்னாரு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். பெயர் திருமூர்த்தி. சிங்காநல்லூரில் சொந்தமாக பேக்கரி. நாற்பத்திரண்டு வயது. இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வயதை மட்டும் நான் கேட்டேன்.

அங்கேயே மாற்றிக்கொண்டிருக்கலாம். அதற்குள் பிரபாகர் சார் விசில் ஊதிவிட்டார். நடை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். முடிந்ததும் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று கட்டாயம் மாற்றியிருப்போம். ஆனால் நான் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போய்விட்டேன். பூட்ஸ் வீட்டில். அவர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தாரா என்று தெரியவில்லை, ஒரு டப்பா நிறையத் தேங்காய் பன் கொண்டுவந்திருந்தார். குழுவில் எல்லாருக்கும் என்றார். எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். எனக்கு மூன்று.

என் வேலையைப் பற்றிக் கேட்டார். புகார் வந்தால் முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்றேன். எப்போது வாங்கினீர்கள், என்ன குறை, இதற்கு முன்னால் புகார் செய்திருக்கிறீர்களா. என் ஆபீஸ் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அவர் இந்தத் தடவை சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். வாயில் பன் இருந்ததால் இன்னும் கஷ்டப்பட்டார்.

எனக்கு மறதி அதிகம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நடைக்குப் போக முடியவில்லை. தரகர் வருகிறார் என்று அம்மா பிடித்து வைத்துக்கொண்டாள். ஒன்றும் தேறவில்லை. மாப்பிள்ளை என்னைவிட ஒரு விரல்கடை குட்டையாம், அவர்கள் வீட்டில் யோசிக்கிறார்களாம்.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பெண் பார்க்க வருகிற அன்று அம்மா, "சேலையக் கொஞ்சம் எறக்கிக் கட்டு சாமி" என்பாள். கால் தெரியக் கூடாது. நான் தரையைக் கூட்டிக்கொண்டே வந்து காபி கொடுப்பேன். அப்படியும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். எல்லாம் பேசி முடித்து, பூ வைக்க நாள் குறிக்கிற நேரத்தில், மாப்பிள்ளையின் அக்கா வாசலில் செருப்பைத் தேடினாள். "இந்த ஊட்டுல ஆம்பளையே இல்லைன்னீங்க, இது யாரு செருப்பு?" என்றாள். நான்தான் சொன்னேன், என்னுடையது என்று. அதற்குப் பிறகு அவர்கள் போன் வரவேயில்லை. அன்று ராத்திரி அம்மா என் காலில் தைலம் தேய்த்துவிட்டாள், ஏதோ எனக்கு அடிபட்டதுபோல. எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

அவருக்கு என் கால் ஒன்பது என்று தெரியும். தெரிந்தும் மூன்று பன் கொடுத்தார். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

உக்கடம் பாய் போன் செய்தார். "அந்த ஆளு வந்தான்மா. பேக்கரிக்காரன். உன் நம்பர் கொடுத்துட்டேன். இன்னுமா மாத்தல?"

பூட்ஸைப் பற்றி என்ன கேட்டார் என்று கேட்டேன்.

"பூட்ஸப் பத்தி ஒன்னும் கேக்கலியே. நீ ஞாயித்துக்கிழம வரல, ஒடம்புக்கு முடியலியான்னு கேட்டான். எனக்கு எப்படிம்மா தெரியும்?"

கேட்டால் கேட்கட்டும். ஒரே குழு, விசாரிப்பது நல்ல பழக்கம்தான். மத்தியானம் ஒரு விவசாயி கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டது என்று அழுதுகொண்டே போன் செய்தார். "ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நான் உருவி வைத்திருந்த அடித்தகட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். அவருடைய இடது பூட்ஸில் ஏற்கனவே இருந்த தகட்டின் மேல் இதையும் போட்டதும் டபார் நின்றுவிட்டது. என் இடது, தகடு இல்லாமல் ஓரளவு தளர்ந்துவிட்டது.

"இப்படியே சமாளிச்சுக்கலாம் போல இருக்குதுங்க," என்றார்.

"சமாளிச்சுக்கலாமுங்க," என்றேன்.

"மாத்தறதுன்னா எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாமுங்க."

"அதுக்கென்னங்க அவசரம்."

பிரபாகர் சார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் மாற்றவில்லை. நல்ல மழை.

ஜூலை 28, திங்கள்

நேற்று மழை பெய்யவில்லை. ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பயமாக இருக்கிறது. மலையைப் பார்த்து இல்லை. மலை முடிந்துவிட்டால் பயிற்சி நடை கிடையாது, அடுத்த பயணம் டிசம்பரில்தான். பூட்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் பார்த்துப் பேச என்ன காரணம் சொல்வது. அவர் வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். அம்மாக்கள் வாசலில் செருப்பைப் பார்ப்பார்கள்.

எழுதிவிட்டேன். இனி இதை அடித்தாலும் அர்த்தமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். உடம்பு முழுக்க வலிக்கிறது, சிரித்தால் இன்னும் வலிக்கிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

நேற்று நெல்லிப்பாறை. விடாத மழை. இந்தத் தடவை நிஜ மழை. அடிவாரத்திலேயே புகையிலைத் தூளும் உப்பும் கலந்து துணியில் கட்டிக் கொடுத்தார்கள், பூட்ஸின்மேல் ஒற்றிக்கொண்டே நடந்தோம். கான்வாஸ் ஷூவை மறைத்து எடுத்துவந்திருந்த ஒருவரை அட்டைகள் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டன. எங்கள் பூட்ஸில் ஒன்றுகூட ஏறவில்லை.

பாதி வழியில் ஒரு ஓடை. அவர் கால் சேற்றில் புதைந்தது. காலை இழுத்தார், கால் வந்தது, இடது பூட்ஸ் வரவில்லை. இரண்டு தகடு போட்டும் ஒன்பது ஒன்பதுதானே. பூட்ஸ் சேற்றைவிட்டு நழுவித் தண்ணீரில் உருண்டு போனது. எல்லாரும் ஐயோ என்று நின்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. பாறைக்குப் பாறை நாலே எட்டில் தாண்டிப்போய்க் குனிந்து பிடித்துவிட்டேன். நீளக் காலுக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று யார் கண்டார்கள். பூட்ஸைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அதிலிருந்த தண்ணீர் முழுக்க என் தலையில் கொட்டியது. அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கைதட்டினார், சமநிலை தவறி உட்கார்ந்துவிட்டார்.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே வெள்ளை மூட்டம். அணை தெரியும், தேயிலைத் தோட்டம் தெரியும் என்று சொல்லிக் கூட்டிவந்த பிரபாகர் சார் மூட்டத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு அலுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்துப் பாறையில் நனைந்த தேங்காய் பன்னைச் சாப்பிட்டுக்கொண்டு, இதைவிட நல்ல இடம் எதுவும் இருக்க முடியாது என்று நினைத்தேன். பக்கத்தில் அவர் இருந்தார். அவ்வளவு தூரம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"உங்களுக்கு ஒன்னும் தோணலீங்களா," என்று அவரைக் கேட்டேன். தைரியம் எங்கிருந்து வந்ததோ. "பொம்பளைக்கு ஒம்போது, ஆம்பளைக்கு எட்டு."

அவர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "பாய் கடையில எட்டாம் நம்பர் போட்டதும் எனக்கு ஒரே வெக்கமா இருந்துச்சுங்க. சுத்தியும் ஒம்போது, பத்துன்னு தொங்குது. உங்க காலப் பாத்ததும் அந்தக் கால் இருந்தா எப்படி நடக்கலாம்னுதான் தோணுச்சு."

என் காலைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

திரும்பும்போது வேன் சிங்காநல்லூரில் நின்றது. டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று எல்லாரையும் அழைத்தார். எல்லாரும் களைப்பு என்றார்கள். பிரபாகர் சார் என்னை மட்டும், "நீங்க போங்க, உங்களுக்குக் களைப்பே இல்ல" என்று இறக்கிவிட்டார்.

பேக்கரிக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்தோம், நாலும் ஒரே சேறு. அவர் அம்மா மயிலாத்தாள் வெளியே வந்தார். நெடுநெடுவென்று உயரம். எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் பூட்ஸைப் பார்த்தார். குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எட்டை எட்டோடு வைத்தார். ஒன்பதை ஒன்பதோடு வைத்தார். அவ்வளவுதான், ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"ஏண்டா, இத மாத்தறதுக்கா ஒன்னர மாசமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போயிட்டிருந்தே?" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

"இந்தப் பெருசு யாருது?"

"என்னுதுங்க," என்றேன். இரண்டாவது தடவையாக ஒரு வாசலில் நின்று இதைச் சொல்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் அம்மா ஒன்பதாம் நம்பர் வலதில் தன் காலை விட்டார். சேறோடு. அப்படியே நின்று அழுத்திப் பார்த்தார். அப்போதுதான் அவர் கழற்றி வைத்த செருப்பைக் கவனித்தேன். ஆண்கள் போடுகிற தோல் செருப்பு.

"நல்லா அகலமா இருக்குதே கண்ணு. எங்க வாங்குனீங்க? நாப்பது வருசமா இவங்கப்பன் செருப்பத்தான் போட்டுட்டிருக்கேன். அவரு போயும் செருப்ப விட முடியல." பிறகு மகனைப் பார்த்தார். "இவனுக்குக் காலும் எங்கப்பனாட்டம் சின்னது. என்ன பண்றது, நெஞ்சு நல்ல நெஞ்சு."

உள்ளே போய் டீ குடித்தோம். என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை. டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. என் பூட்ஸைக் கழுவி அடுப்புச் சூட்டில் உலர்த்திக் கொடுத்தனுப்புவதாகத் திருமூர்த்தி சொன்னார். அவர் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜோடி சேர்ந்துவிட்டது. இனி மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஆபீசில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் பேக்கரி ஆள் ஒருவர் கேக் டப்பாவோடு வந்தார். அம்மா கேக் என்று நினைத்துக் கத்தியை எடுத்துவந்தாள். பிரித்தால் பூட்ஸ். பளபளவென்று பாலிஷ் போட்டு, நாடாவைப் பூப்போல முடிச்சுப் போட்டு. லேசாக வெண்ணெய் வாசனைகூட அடித்தது.

வலதை விட்டேன், சேர்ந்தது. இடதை விட்டேன்.

நுழையவில்லை.

புரட்டிப் பார்த்தேன். எட்டு. அவர் அம்மா எங்கள் எதிரிலேயே ஜோடி சேர்த்து வைத்ததைத் திருமூர்த்தி எடுத்து மறுபடி மாற்றி அனுப்பியிருக்கிறார். தகடும் உள்ளே இருந்தது, நான் கொடுத்ததையே திரும்பப் போட்டு அனுப்பியிருக்கிறார். நான் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அம்மா கத்தியோடு நின்று என்னையே பார்த்தாள்.

போன் செய்தேன். என் ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"வணக்கமுங்க. ஒரு புகாருங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். "சொல்லுங்க. எப்ப வாங்குனீங்க?"

"ஜூன் எட்டாந் தேதிங்க."

"என்னங்க குறை?"

"இடது காலு சேரலீங்க."

"இதுக்கு முன்னால புகார் பண்ணியிருக்கீங்களா?"

"எதுக்குமே பண்ணுனதில்லீங்க. இதான் மொத தடவ."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இடது காலப் பத்திப் பொறகு பேசிக்கலாமுங்க," என்றார். "வலது காலு சரியாத்தானே இருக்குது?"

"சரியா இருக்குதுங்க."

"அப்ப அந்தக் கால மொதல்ல எடுத்து வெச்சு எங்க ஊட்டுக்குள்ள வந்துருங்க. அம்மா கேக்கச் சொன்னாங்க. அம்மா சொல்லாட்டியும் கேட்டிருப்பேனுங்க."

புகாரைக் கேட்டதும் உடனே பதில் சொல்லக் கூடாது, குறித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. எத்தனையோ வருஷமாக அதை மீறியதில்லை.

"வர்றேனுங்க," என்றேன். அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "யாரு சாமி? ஊட்டுக்கும் புகார் வர ஆரம்பிச்சிருச்சா?"

"நான்தாம்மா புகார் பண்ணுனேன்."

"என்ன சொன்னாங்க?"

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தைலம் எதுவும் தேய்க்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கல்யாணத்தன்னிக்குச் சேலைய எறக்கிக் கட்ட வேண்டாம்" என்றாள்.

அந்த எட்டாம் நம்பரை மட்டும் நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.